வெளி யூனிட்டுக்கு மண்ணின் சூட்டைக் கொடுத்தால் ஹீட் பம்ப்பின் திறன் கூடுமா?

வடகாற்று:

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டில் இருப்பது வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுத்து வீட்டைச் சூடாக்கும் சாதாரண ஹீட் பம்ப். வெளியே 5 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை அருமையாக ஓடுகிறது. உறைநிலைக்குக் கீழே போனதும் மின்சாரத்தை இழுக்க ஆரம்பிக்கிறது, வெளி யூனிட்டில் பனி படிகிறது, அதை உருக்க அடிக்கடி டிஃப்ராஸ்ட் ஓடுகிறது.

என் யோசனை இது. தோட்டத்தில் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்தில் மண் 8 முதல் 10 டிகிரி வரை இருக்கும் என்று படித்தேன். 200 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாயை 30 மீட்டர் நீளத்துக்குப் புதைத்து, வெளி யூனிட் இழுக்கும் காற்றை அதன் வழியாக வரவைத்தால்? மைனஸ் 5-இல் நுழையும் காற்று பிளஸ் 3-ஆக வந்தாலே போதும். தோண்டுவதற்கு ஆள் வைக்கத் தயார். பக்கத்துச் சுவரோரம் எப்படியும் ஒரு வடிகால் பள்ளம் எடுக்க வேண்டியிருக்கிறது. யாராவது இதைச் செய்திருக்கிறீர்களா? தோட்டத்தில் தோண்டக்கூடிய இடம் சுமார் 120 சதுர மீட்டர்.

பசுங்கூரை:

வீட்டுக்குள் வரும் காற்றோட்டத்துக்கு இதை நிறையப் பேர் செய்கிறார்கள். மண்ணில் புதைத்த குழாய் வழியாகப் புதுக்காற்றை எடுத்து, வெப்பம் மீட்கும் காற்றோட்டக் கருவிக்குக் கொடுப்பது. அங்கே அது நன்றாகவே வேலை செய்கிறது. உங்கள் யூனிட் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று தகடில் பார்த்துச் சொல்லுங்கள். விஷயம் முழுக்க அந்த எண்ணில்தான் இருக்கிறது.

வடகாற்று:

கையேட்டில் மணிக்கு சுமார் 3,000 கன மீட்டர் என்று போட்டிருக்கிறது. கடுங்குளிரில் வீட்டுக்குத் தேவைப்படும் வெப்பம் 8 கிலோவாட்.

வெப்பக்கணக்கு:

அப்படியென்றால் கணக்கைப் போட்டே பார்க்கலாம், வடகாற்று.

ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 0.34 வாட்-மணி வேண்டும். மணிக்கு 3,000 கன மீட்டர் என்றால் ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 1 கிலோவாட். மைனஸ் 5-ஐ பிளஸ் 3 ஆக்குவது 8 டிகிரி. ஆக, மண் உங்களுக்கு 8 கிலோவாட் தர வேண்டும்.

இப்போது ஹீட் பம்ப் காற்றிலிருந்து உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று பாருங்கள். 8 கிலோவாட் வெப்பத்தை சிஓபி (ஒரு பங்கு மின்சாரத்துக்கு எத்தனை பங்கு வெப்பம் கிடைக்கிறது என்ற அளவு) 3-இல் கொடுத்தால் மின்சாரம் 2.7 போக மீதி 5.3 கிலோவாட். அதாவது ஹீட் பம்ப்புக்குத் தேவை 5.3. அதைக் கொடுக்க நீங்கள் மண்ணிலிருந்து 8 எடுக்கிறீர்கள். யூனிட் அந்தக் காற்றிலிருந்து 5 டிகிரியை மட்டும் உறிஞ்சிவிட்டு, இன்னும் மைனஸ் 2 டிகிரியில் இருக்கும் காற்றைத் தோட்டத்துக்குள் ஊதிவிடும். மண்ணிடம் சிரமப்பட்டு வாங்கிய வெப்பத்தில் ஒரு பெரும்பங்கு வானத்துக்குப் போகிறது.

இது ஒருபுறம் இருக்க, 200 மில்லி குழாயில் மணிக்கு 3,000 கன மீட்டர் போக வேண்டுமென்றால் காற்றின் வேகம் வினாடிக்கு 26 மீட்டருக்கு மேல் வரும். அது புயல்காற்று. 30 மீட்டர் நீளத்தில் அழுத்த இழப்பு 1,300 பாஸ்கல் அளவுக்கு ஏறும். வெளி யூனிட்டில் இருக்கும் இறக்கை விசிறி சில பத்து பாஸ்கலைத் தாண்டினாலே திணறிவிடும். குழாயை அகலமாக்கினால் வேகம் குறையும், ஆனால் நடுவில் போகும் காற்று சுவரைத் தொடாமலே வெளியே வந்துவிடும்.

பசுங்கூரை சொன்ன காற்றோட்டக் குழாயில் மணிக்கு 150, 200 கன மீட்டர்தான் ஓடுகிறது. மைனஸ் 8-ஐ பிளஸ் 3 ஆக்க அங்கே முக்கால் கிலோவாட் போதும். அதை 30 மீட்டர் குழாய் கொடுத்துவிடும். உங்களுடையது அதைப்போல் பதினைந்து மடங்கு.

பசுங்கூரை:

சரியான கணக்கு. அந்த முக்கால் கிலோவாட்டையும் முழு லாபமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். வெப்பம் மீட்கும் கருவி நல்லதாக இருந்தால், வெளியேறும் காற்றின் சூட்டில் 80 முதல் 90 சதவீதம் வரை அதுவே திருப்பிக் கொடுத்துவிடும். மண்குழாய் செய்யும் உண்மையான உதவி, அந்தக் கருவி உறைந்துபோகாமல் காப்பதுதான். அதற்காக வைப்பதென்றால் குழாயைக் குறைந்தது 2 சதவீதச் சரிவில் போடுங்கள், கடைசியில் நீர் வடிய வழி வையுங்கள். கோடையில் ஈரக்காற்று உள்ளே குளிர்ந்து நீர் தங்கும், பூஞ்சை பிடிக்கும். மண்ணில் ரேடான் வாயு உள்ள பகுதியென்றால் மூட்டுகள் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். இப்போதெல்லாம் பலர் காற்றுக்குழாயை விட்டுவிட்டு, சிறிய பிளாஸ்டிக் குழாயில் கிளைக்கால் (glycol, நீர் உறையாமல் காக்கும் திரவம்) கலந்த நீரை ஓட்டி, காற்று நுழையும் இடத்தில் ஒரு காயிலை (coil, சுருள் குழாய்) வைத்துவிடுகிறார்கள். சுத்தமும் எளிது, தோண்டுவதும் குறைவு.

வடகாற்று:

நன்றி ஐயா. அந்தக் காயில் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. வெளி யூனிட்டுக்கு முன்னால் ஒரு காயில், மண்ணில் கிளைக்கால் குழாய், நடுவில் ஒரு சிறிய பம்ப். என் 120 சதுர மீட்டரிலிருந்து ஒரு 3 கிலோவாட் வரும் என்று வைத்துக்கொள்வோம். இதிலாவது லாபம் இருக்கிறதா?

சின்னக்கேள்வி:

நானும் இதை ஒட்டி ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அடித்தளம் இருக்கிறது, குளிர்காலம் முழுக்க 12 டிகிரி. வெளி யூனிட்டை அப்படியே அங்கே இறக்கிவிட்டால் என்ன? தோண்டவே வேண்டாமே.

வெப்பக்கணக்கு:

சின்னக்கேள்விக்கு முதலில். 200 கன மீட்டர் அடித்தளக் காற்றில் ஒரு டிகிரிக்கு 68 வாட்-மணிதான் இருக்கிறது. 5.3 கிலோவாட் எடுக்கும் யூனிட் ஒரு நிமிடத்துக்குள் ஒரு டிகிரியைக் குடித்துவிடும். கால் மணி நேரத்தில் காற்று உறைநிலைக்குப் போய்விடும். அதற்கப்புறம் வெப்பம் சுவரிலிருந்தும் மேலே இருக்கும் அறையின் தரையிலிருந்தும்தான் வரும். அதாவது நீங்கள் சூடாக்கிய வீட்டிலிருந்தே. அஸ்திவாரத்தை ஒட்டிய ஈர மண் உறைந்து வீங்கும் ஆபத்தும் உண்டு. குளிக்கும் நீர் சூடாக்கும் சிறிய ஹீட் பம்ப் மட்டும் அடித்தளத்தில் வைக்கலாம். அது நாளுக்குச் சில மணி நேரம்தான், அதுவும் ஒரு கிலோவாட்டை ஒட்டித்தான் எடுக்கும். அதுவுமே மேல்தரைக்குக் காப்பு இருந்தால்தான் நியாயம்.

வடகாற்றின் காயிலுக்கு வருகிறேன். 3 கிலோவாட்டைக் காற்றில் போட்டால் காற்று 3 டிகிரி சூடாகும். வெப்பம் எடுக்கும் இடத்துக்கும் கொடுக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு டிகிரி குறைந்தால் திறன் 2 முதல் 3 சதவீதம் கூடும் என்பது பொதுவான அளவுகோல். ஆக 7, 8 சதவீதம். கடுங்குளிரில் நீங்கள் 3 கிலோவாட் மின்சாரம் இழுக்கிறீர்கள் என்றால் மிச்சம் 220 வாட்டை ஒட்டி. அதில் கிளைக்கால் பம்ப் 60 முதல் 100 வாட் வரை தின்னும். காயிலின் தடையால் விசிறியும் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும். மிஞ்சுவது 100 வாட்.

அதே 3 கிலோவாட்டைக் காற்றில் ஊதாமல், கிளைக்காலிலிருந்து நேரடியாக வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப்புக்குக் கொடுத்தால் 4 கிலோவாட்டுக்கு மேல் வீட்டுக்கு வெப்பமாக வரும். உங்கள் தேவையில் பாதி. மண்ணிடம் வாங்கியதைக் காற்றின் கையில் கொடுத்துத் திரும்ப வாங்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வெப்பம் போதுமான அளவில் கிடைப்பதே அரிது.

பசுங்கூரை:

டிஃப்ராஸ்ட் குறையும் லாபத்தை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லையே? உறைநிலையை ஒட்டிய ஈரக்காற்றில்தான் பனி அதிகம் படியும். அங்கே 3 டிகிரி பெரிய வித்தியாசம் செய்யும் என்று நினைக்கிறேன்.

வெப்பக்கணக்கு:

நல்ல கேள்வி, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். காற்றைச் சூடாக்கினால் அதிலுள்ள ஈரம் குறைவதில்லை. பனிநிலைப் புள்ளி, அதாவது அந்த ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை, அப்படியே இருக்கும். வெளியே மைனஸ் 1, ஈரம் முழுமையாக நிறைந்த காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எவாப்பரேட்டர் தகடுகளின், அதாவது வெளி யூனிட்டில் காற்றிடமிருந்து வெப்பத்தை வாங்கும் தகடுகளின், பரப்பு மைனஸ் 7-இல் இருக்கும். காற்றை 3 டிகிரி ஏற்றினால் தகடு மைனஸ் 4-க்கு வரும். பனிநிலைப் புள்ளி இன்னும் மைனஸ் 1 என்பதால் படிவது தொடரும், வேகம்தான் குறையும். படியவே கூடாது என்றால் 6 டிகிரி ஏற்ற வேண்டும், அதாவது 6 கிலோவாட். அந்த 6 கிலோவாட் மண்ணில் இருந்தால் உங்களுக்கு வெளி யூனிட்டே தேவையில்லை.

டிஃப்ராஸ்ட் குறைவதால் கிடைக்கும் சில சதவீதத்தை நான் மறுக்கவில்லை. அந்தச் செலவுக்கு ஈடாகாது என்கிறேன், அவ்வளவுதான்.

நிலத்தடி:

கொஞ்சம் தாமதமாக வருகிறேன். நாங்கள் மண்ணில் படுக்கைவாட்டில் குழாய் போட்டு ஹீட் பம்ப் ஓட்டுகிறோம், அதனால் சில விஷயங்கள் சொல்ல முடியும்.

முதல் பதிவில் "இரண்டு மீட்டரில் 8 முதல் 10 டிகிரி" என்று இருந்தது. அது வருடச் சராசரி. மேற்பரப்பின் வெப்ப அலை கீழே இறங்க இறங்கச் சுருங்கும், தாமதமாகும். சாதாரண ஈர மண்ணில் சுமார் இரண்டரை மீட்டரில்தான் அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறையும். ஒன்றரை மீட்டரில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கும், ஐந்து வாரம் பின்தங்கி வரும். மேலே வருடத்தில் 12 டிகிரி ஏறி இறங்கினால் ஒன்றரை மீட்டரில் ஆறரை டிகிரி ஏறி இறங்கும். அசையாத வெப்பநிலை வேண்டுமென்றால் 10 மீட்டருக்குக் கீழே போக வேண்டும். ஆனால் இந்தத் தாமதம் நமக்கு நன்மை. குளிர்காலம் தொடங்கும்போது மண் இன்னும் கோடையின் சூட்டோடு இருக்கும்.

அடுத்தது இதைவிட முக்கியம். மண் 8 டிகிரியில் இருந்தாலும் குழாயில் திரும்பி வரும் கிளைக்கால் 8 டிகிரியில் வராது. வெப்பம் நகர வெப்பநிலை வித்தியாசம் வேண்டும். நடுக்குளிரில் எங்களுக்கு வருவது பூஜ்யத்தை ஒட்டித்தான். நன்றாகப் போட்ட அமைப்பில் இது இயல்பு. பெரிய தொட்டிக்கு மெல்லிய குழாய் வைத்தது போலத்தான் மண். உள்ளே ஏராளமாக இருக்கிறது, வெளியே வரும் வேகம் குறைவு. ஆகவே "மண் எத்தனை டிகிரி" என்று கேட்பதைவிட "என் மண் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட் விடும்" என்று கேளுங்கள். ஐரோப்பாவில் பின்பற்றும் விடிஐ 4640 என்ற ஜெர்மன் வழிகாட்டியின் 2001 பதிப்பு, வருடத்துக்கு 1,800 மணி நேரம் ஓடும் அமைப்புக்கு, காய்ந்த மணலில் சதுர மீட்டருக்கு 10 வாட், ஈரமான களிமண் கலந்த மண்ணில் 20 முதல் 30 வாட், நீர் நிறைந்த மணல் அல்லது சரளையில் 40 வாட் என்று சொன்னது. உங்கள் 120 சதுர மீட்டர் ஈரக் களியாக இருந்தால் 3 கிலோவாட். காய்ந்த மணலாக இருந்தால் 1.2.

வடகாற்று:

மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். அரை மீட்டருக்குக் கீழே ஈரமான களிதான். ஒரு சந்தேகம், நிலத்தடி. பூமியின் உள்ளேயிருந்து தொடர்ந்து வெப்பம் மேலே வந்துகொண்டே இருக்கிறது அல்லவா? எவ்வளவு எடுத்தாலும் அது நிரப்பிவிடாதா?

நிலத்தடி:

இதைத்தான் பலரும் நம்புகிறார்கள். கண்டப்பகுதிகளில் பூமியின் உள்ளிருந்து மேலே வரும் வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 0.065 வாட். உங்கள் 120 சதுர மீட்டருக்கு மொத்தம் 8 வாட். ஒரு சிறிய எல்இடி விளக்குக்குத்தான் காணும். நாம் எடுக்க நினைப்பது 3,000 வாட்.

படுக்கைவாட்டுக் குழாய்களுக்கு வரும் வெப்பம் ஏறத்தாழ அனைத்தும் மேலிருந்து வருவதுதான். வெயில், சூடான காற்று, மழை. கோடையில் மண் சேமித்துக்கொள்கிறது, குளிர்காலத்தில் நாம் எடுக்கிறோம், அடுத்த கோடையில் மறுபடி நிரம்புகிறது. அதனால்தான் குழாய் போட்ட இடத்துக்கு மேல் கான்கிரீட் தளமோ கொட்டகையோ போடக் கூடாது என்கிறோம். மழைநீர் இறங்க வேண்டும், வெயில் பட வேண்டும்.

இன்னொரு அழகான விஷயம் உண்டு. ஒரு கன மீட்டர் ஈர மண் ஒரு டிகிரி குளிர்ந்தால் கிடைப்பது 0.6 அல்லது 0.7 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம்தான். ஆனால் அதிலிருக்கும் நீர் உறையும்போது, 30 சதவீதம் நீர் இருந்தால், 28 யூனிட் வெளிவருகிறது. 40 டிகிரி குளிர்விப்பதற்குச் சமம்! குழாயைச் சுற்றி ஒரு பனி உறை உருவாவதைப் பார்த்து மக்கள் பயப்படுகிறார்கள். அளவோடு இருந்தால் அந்தப் பனிதான் நம் சேமிப்பு. வசந்தத்தில் அது முழுதாக உருகிவிட வேண்டும், பக்கத்துக் குழாயின் பனியோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான் 50 முதல் 80 சென்டிமீட்டர் இடைவெளி. ஒட்டிவிட்டால் மழைநீர் கீழே இறங்க வழியின்றித் தோட்டமே சேறாகும், தரை மேலெழும்பும்.

துளையாளி:

ஆழ்துளை போடுவது எங்கள் தொழில். படுக்கைவாட்டில் இடம் போதாதவர்கள் செங்குத்தாகப் போகலாம், ஆனால் அங்கும் மண்தான் முடிவு செய்யும்.

அதே வழிகாட்டியில், சாதாரணப் பாறைக்கு மீட்டருக்கு 50 முதல் 60 வாட் வரை எடுக்கலாம். காய்ந்த படிவுகளில் 25 வாட்தான். வடகாற்றுக்கு 6 கிலோவாட் வேண்டுமென்றால் நல்ல நிலத்தில் 120 மீட்டர் துளை போதும், மோசமான நிலத்தில் 240 மீட்டர். இதை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். பெரிய திட்டங்களில் ஒரு சோதனைத் துளை போட்டு, அதில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அளவான வெப்பத்தை ஏற்றி, நீரின் வெப்பநிலை எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். அதிலிருந்து நிலத்தின் கடத்தும் திறன் கிடைத்துவிடும். ஒற்றை வீட்டுக்கு அது செலவு கூடுதல். அக்கம்பக்கத்தில் போட்ட துளைகளின் மண் அடுக்குப் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். பல நாடுகளில் புவியியல் துறை அதை வைத்திருக்கும்.

ஆழம் கூடினால் வெப்பமும் கூடும்: 100 மீட்டருக்கு ஏறத்தாழ 3 டிகிரி. ஆனால் ஆழ்துளையில் ஆண்டுக்கு ஆண்டு நிரம்பும் வேகம் படுக்கைவாட்டைவிட மெதுவானது. முதல் சில வருடங்கள் துளையைச் சுற்றி ஒன்றிரண்டு டிகிரி இறங்கும், அப்புறம் நிலைபெறும். துளைகளை 6 மீட்டருக்குக் குறைவாக நெருக்கிப் போட்டாலோ, பக்கத்து வீடுகளும் வரிசையாகப் போட்டாலோ இறங்கிக்கொண்டே போகும். அங்கே கோடையில் வெப்பத்தைத் திருப்பிக் கொடுப்பது அவசியம். வீட்டைக் குளிர்விக்கும்போது வெளியேறும் சூட்டை அதே துளையில் இறக்கலாம், சூரியத் தகடுகளையும் இணைக்கலாம். கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தின் ஒகோடோக்ஸில் 52 வீடுகளுக்காக 144 துளைகளை வேண்டுமென்றே நெருக்கமாகப் போட்டு, கோடை வெயிலின் சூட்டை நிலத்தில் சேமித்து, குளிர்காலத் தேவையில் 90 சதவீதத்துக்கு மேல் எடுத்தார்கள். டிரேக் லேண்டிங் என்பது அதன் பெயர், 2007-இல் தொடங்கியது. அங்கே நெருக்கம் பலம், ஏனென்றால் அவர்கள் நிரப்பினார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அதே 2007-இல் ஜெர்மனியின் ஷ்டௌஃபென் நகரில் நகர மண்டபத்துக்காக ஆழ்துளைகள் போட்டபோது, கீழிருந்த அன்ஹைட்ரைட் என்ற கனிம அடுக்குக்குள் நிலத்தடி நீர் புகுந்தது. அது நீரைக் குடித்து ஜிப்சமாக மாறி வீங்கியது. நகரத்தின் பழைய பகுதியே மேலெழும்பி, 260-க்கு மேற்பட்ட கட்டிடங்களில் விரிசல் விழுந்தது. துளையைச் சுற்றிப் பென்டோனைட் என்ற களிமண் கலவையைக் கீழிருந்து மேல்வரை இடைவெளி இல்லாமல் நிரப்புவது வெப்பம் கடத்த மட்டுமல்ல, நீரடுக்குகள் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கவும்தான். அந்த வேலையில் சிக்கனம் பார்க்கும் ஆளிடம் துளை போடாதீர்கள்.

சின்னக்கேள்வி:

கிணற்றுநீர் பற்றி யாரும் பேசவில்லையே? பழைய கிணறு இருந்தால்?

துளையாளி:

தண்ணீர் நன்றாக ஊறும் இடத்தில் அதுதான் எல்லாவற்றிலும் சிறந்த மூலம். நீர் நேரடியாக வருவதால் மண் கடத்தும் வேகத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 5.3 கிலோவாட்டை 4 டிகிரி வித்தியாசத்தில் எடுக்க மணிக்கு 1,100 லிட்டரை ஒட்டி வேண்டும், குளிர்காலம் முழுக்க, வற்றாமல். எடுத்த நீரைத் திருப்பி இறக்க இரண்டாவது கிணறு வேண்டும், அதுவும் நிலத்தடி நீர் ஓடும் திசையில் கீழ்ப்பக்கமாக. நீரில் இரும்பும் மாங்கனீஸும் இருந்தால், காற்றுப் பட்டதும் துருக்கசடு படிந்து திருப்பும் கிணறு அடைத்துவிடும். முதலில் நீரைச் சோதனைக்குக் கொடுங்கள். அனுமதியும் பெரும்பாலான இடங்களில் கட்டாயம். நீர்மட்டம் ஆழமாக இருந்தால் பம்ப் எடுக்கும் மின்சாரத்தையும் கழித்துக்கொள்ளுங்கள்.

வடகாற்று:

நிறையக் கற்றுக்கொண்டேன், எல்லோருக்கும் நன்றி. ஆக என் முன்னால் இருப்பது: இருக்கும் காற்று யூனிட்டை வைத்துக்கொள்வதா, அதைக் கழற்றிவிட்டுக் கிளைக்கால் ஹீட் பம்ப்புக்கு மாறுவதா. உண்மையான வித்தியாசம் எவ்வளவு இருக்கும்?

வெப்பக்கணக்கு:

பழைய வீடுகளில் ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் சூரிய ஆற்றல் நிறுவனம் வருடம் முழுக்க அளந்து பார்த்தது. காற்று மூல யூனிட்டுகளின் வருடச் சராசரி சிஓபி 3.1, நில மூலத்தில் 4.1. ஒரே அளவு வெப்பத்துக்கு மின்சாரம் கிட்டத்தட்ட கால்பங்கு குறைவு.

ஆனால் இங்கே எல்லோரும் வெப்பம் எடுக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொடுக்கும் பக்கத்தையும் கவனியுங்கள். வடகாற்று, உங்கள் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் எத்தனை டிகிரி?

வடகாற்று:

கடுங்குளிரில் 45 டிகிரி. நிறுவியவர் வைத்துவிட்டுப் போனது, நான் தொடவில்லை.

வெப்பக்கணக்கு:

அப்போது இதைப் பாருங்கள். கோட்பாட்டின் உச்சத்தில் பாதியை நிஜ இயந்திரம் தருகிறது என்று எடுத்துக்கொண்டு நான்கு நிலைகளைக் கணக்கிட்டேன். வெளியே மைனஸ் 5.

காற்று மூலம், 45 டிகிரி நீர்: சிஓபி 2.7. நில மூலம், அதே 45 டிகிரி: 3.2. காற்று மூலம், 35 டிகிரி நீர்: 3.1. நில மூலம், 35 டிகிரி: 3.9.

இரண்டாவதும் மூன்றாவதும் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். நீரின் சூட்டை 10 டிகிரி குறைப்பது, தோட்டத்தைத் தோண்டிக் குழாய் புதைப்பதற்கு ஏறக்குறைய சமம். இயந்திரத்துக்குத் தெரிந்தது இரு முனைகளுக்கும் இடையிலுள்ள தூரம் மட்டுமே. எந்த முனையை நகர்த்தினாலும் அதற்கு ஒன்றுதான். கெல்வின் பிரபு 1852-இல் ஹீட் பம்ப் யோசனையை முன்வைத்த காலத்திலிருந்து இது மாறவில்லை. மண்ணை மூலமாக வைக்கும் யோசனைக்கு ஹைன்ரிக் சோலி சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றதே 1912-இல்தான். அத்தனை பழைய யோசனை இது. ஆனாலும் இன்றுவரை பல வீடுகளில் தண்ணீரைத் தேவைக்கு மேல் சூடாக்கி அந்த லாபத்தை வீணடிக்கிறோம், எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

எனவே முதலில் ஹீட்டிங் கர்வை, அதாவது வெளிக்குளிருக்கு ஏற்ப ரேடியேட்டர் நீரின் சூட்டைத் தீர்மானிக்கும் அமைப்பை, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஒரு படி இறக்கிவிட்டு வீடு சமநிலைக்கு வரும்வரை காத்திருங்கள். அறைகளின் தெர்மோஸ்டாட் வால்வுகளை முழுக்கத் திறந்து வையுங்கள். எந்த அறை முதலில் குளிர்கிறதோ, அந்த அறைக்கு மட்டும் பெரிய ரேடியேட்டர் போடுங்கள். அப்புறம் வெளி யூனிட் ஊதிய குளிர்காற்றை அதுவே திரும்ப இழுக்கிறதா என்று பாருங்கள். மூலையில் சுவருக்கு முகம் காட்டி வைத்தால் அப்படி நடக்கும். அந்த யூனிட் வெளிக்காற்றைவிடச் சில டிகிரி குளிரான காற்றில்தான் எப்போதும் வேலை செய்யும். உங்கள் மண்குழாய் கொடுக்க நினைத்த 3 டிகிரி, யூனிட்டைத் திருப்பி வைப்பதிலேயே கிடைத்துவிடலாம்.

வடகாற்று:

யூனிட் மூலையில்தான் இருக்கிறது, முன்னால் ஒன்றரை மீட்டரில் வேலிச்சுவர். விசிறிக்குப் பின்னால் ஒரு தெர்மாமீட்டர் கட்டிவிட்டுப் பார்த்தேன். திறந்த இடத்தில் இருப்பதைவிட யூனிட் இழுக்கும் காற்று தெளிவாகக் குளிராக இருக்கிறது. அதை வெளிப்பக்கம் நகர்த்த ஆள் சொல்லிவிட்டேன். கர்வையும் இறக்கத் தொடங்கிவிட்டேன், வடக்கு அறை ஒன்றைத் தவிர யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இந்த ஹீட் பம்ப் இன்னும் பல வருடம் ஓடும், இப்போது கழற்ற மனமில்லை. ஆனால் வடிகால் பள்ளம் எப்படியும் தோண்டப் போகிறேன். அதோடு தோட்டத்திலும் இயந்திரத்தை இறக்கி, பின்னாளில் கிளைக்கால் யூனிட்டுக்கு மாறும்போது உதவும்படி குழாயை மட்டும் இப்போதே போட்டு வைக்கலாமா? 3 கிலோவாட் என் தேவையில் பாதிதான் என்பது புரிகிறது.

நிலத்தடி:

போட்டு வைக்கலாம், நல்ல முடிவு. பாதித் தேவை என்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். வருடத்தில் பெரும்பாலான மணி நேரங்களில் வீட்டுக்கு வேண்டியது உச்சத்தில் பாதிக்கும் கீழேதான். காற்று, நிலம் இரண்டிலிருந்தும் எடுக்கும் இரட்டை மூல ஹீட் பம்ப்புகள் இருக்கின்றன. மிதமான நாளில் காற்று, உறைநிலையை ஒட்டிய ஈர நாளிலும் கடுங்குளிரிலும் மண். காற்று சூடாக இருக்கும் நாளில் மண்ணைத் தொடாமல் விட்டால், குறைந்த இடமும் போதுமானதாகிவிடும். அதற்குள் கர்வை இறக்கிக் காப்பையும் கூட்டினால் 8 கிலோவாட் என்பதே குறையும்.

துளையாளி:

போடும்போது இவற்றைக் கவனியுங்கள். 32 அல்லது 40 மில்லிமீட்டர் பாலிஎத்திலீன் குழாய். ஒவ்வொரு சுற்றும் ஒரே நீளத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் ஓட்டம் சமமாகப் பிரியாது. மண்ணுக்குள் மூட்டு எதுவும் வேண்டாம், மூட்டுகள் எல்லாம் எட்டிப் பார்க்கக்கூடிய ஒரு தொட்டியில் வரட்டும். கீழேயும் மேலேயும் கூர்கல் இல்லாத மணல் படுக்கை போடுங்கள். குடிநீர்க் குழாயிலிருந்தும் அஸ்திவாரத்திலிருந்தும் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி. வடிகால் பள்ளத்துக்குள்ளேயே போட ஆசைப்படாதீர்கள், அங்கே பனி உறை வந்தால் வடிகால் அடைத்துவிடும்.

மூடுவதற்கு முன் நீர் ஏற்றி அழுத்தச் சோதனை செய்து, அழுத்தத்தோடு வைத்தபடியே மண்ணை மூடச் சொல்லுங்கள். மண்வாரி பல் பட்டால் அப்போதே அளவுமானியில் தெரிந்துவிடும். சோதனை முடிந்ததும் அந்த நீரை வெளியேற்றிவிடுங்கள், அல்லது கிளைக்கால் கலந்து வையுங்கள், இரு முனைகளையும் மூடிவிடுங்கள். மூடும் முன் அளவுநாடாவைப் பக்கத்தில் விரித்து, வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். இரண்டு வெப்ப உணரிகளையும் புதைத்துவிடுங்கள், ஒன்று குழாயை ஒட்டி, இன்னொன்று அதே ஆழத்தில் குழாய் இல்லாத இடத்தில். யூனிட் வாங்கும் நாள் வருவதற்குள் உங்கள் மண்ணின் குளிர்கால அளவுகள் கையில் இருக்கும்.